சக்கரத்தில் ஒட்டிய கறை: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சக்கரக் கறையைப் பற்றியவை. எழுதுகிறவர்கள் அலாய் வீலா, ஸ்டீல் ரிம்மா, கறை என்ன நிறம் என்ற மூன்றையுமாவது குறிப்பிட்டால் எனக்கும் நேரம் மிச்சம், உங்கள் வண்டிக்கும் நல்லது.

முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே வாரத்தில் கறுத்துவிடுகின்றன. பின்சக்கரங்கள் அப்படியே இருக்கின்றன. ஷாம்பூ போட்டுத் தேய்த்தாலும் பழுப்புப் புள்ளிகள் போவதில்லை. அலாய் வீல்.

அது பிரேக் தூசி. வண்டியை நிறுத்தும் வேலையில் ஏறக்குறைய 70 சதவீதத்தை முன்பக்க டிஸ்க்குகளே சுமக்கின்றன. நம் ஊர்க் கார்கள் பலவற்றில் பின்பக்கம் டிரம் பிரேக் என்பதால் அங்கே உண்டாகும் தூசி டிரம்முக்குள்ளேயே தங்கிவிடுகிறது. டிஸ்க்கிலிருந்தும் அதை இறுக்கிப் பிடிக்கும் பேடிலிருந்தும் சூடாகத் தெறிக்கும் இரும்புத் துகள்கள் வீலின் மேல்பூச்சில் பதிந்து, ஈரம் பட்டதும் துருவேறிப் பிடித்துக்கொள்வதால், ஷாம்பூ அவற்றை அசைக்காது. ‘அயர்ன் ரிமூவர்’ என்று கேட்டு வாங்குங்கள். வீல் குளிர்ந்திருக்க வேண்டும், வண்டி நிழலில் நிற்க வேண்டும். முதலில் மண்ணைக் கழுவிவிட்டு இதைத் தெளித்தால், ஓரிரு நிமிடத்தில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நாவற்பழச் சாறு போல ஊதா நிறம் கசிந்து வழியத் தொடங்கும்; இரும்பு கரைகிறது என்று பொருள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், பயப்பட வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு, மூன்று நான்கு நிமிடம் கழித்து, மருந்து காய்வதற்குள் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். கறை மிச்சமிருந்தால் இன்னொரு முறை தெளிக்கலாமே தவிர, ஒரே முறையில் பத்து நிமிடம் ஊறவிடக் கூடாது. அதற்கும் அசையாத புள்ளிகளை ஒற்றி எடுக்க, களிமண் போன்ற ‘க்ளே பார்’ கட்டி உண்டு. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அருகில் கொண்டுவராதீர்கள்.

இடது முன்சக்கரம் மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு கறுக்கிறது. எந்தக் கிளீனர் நல்லது?

கிளீனர் வாங்கும் பணத்தை மெக்கானிக்கிடம் கொடுங்கள். அந்தப் பக்கத்தில் பேடை அழுத்தும் கேலிப்பர் சிக்கிக்கொண்டு, பேட் எப்போதும் டிஸ்க்கில் உரசிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியபின் இரண்டு வீல்களின் அருகிலும் தொடாமல் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாகக் கொதித்தால் சந்தேகமே இல்லை.

என் கார் வீலில் கறை போகவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

முதல் பத்தியைப் படித்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள்.

வாட்டர் வாஷ் கடையில் பாத்ரூம் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து அலாய் வீலில் அடித்தார்கள். பளிச்சென்று ஆகிவிட்டது. மாதம் ஒருமுறை வீட்டிலேயே செய்யலாமா?

கூடாது. இதை எத்தனை முறை எழுதினேன் என்ற கணக்கு எனக்கே மறந்துவிட்டது. கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தில் சுமார் 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அலுமினியத்தின் மேல் பிரைமர், நிறப்பூச்சு, அதற்கும் மேல் கண்ணாடி போன்ற லாக்கர் என்று அடுக்கடுக்காகப் பாதுகாப்பு இருப்பது உண்மைதான். ஆனால் நடைபாதைக் கல்லில் உரசிய ஒரு கீறலோ, ஜல்லி தெறித்த ஒரு பொட்டோ போதும், அமிலம் அந்த வழியாக உள்ளே இறங்கி, லாக்கருக்கு அடியில் அலுமினியத்தை அரிக்கத் தொடங்கிவிடும். அன்றைக்குப் பளிச்சென்று தெரியும் என்பதுதான் இதிலுள்ள வஞ்சகம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு புறவழிச்சாலைக் கடையில் வண்டியைக் கழுவ விட்டுவிட்டு எதிரே டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது நான்கு வீல்களும் ஷோரூமிலிருந்து வந்தவை போல மின்னின. பையனுக்குத் தனியாக இருபது ரூபாய் கொடுத்தேன் என்பதை இப்போது சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. மறுநாள் காலை டிஸ்க்குகள் செம்மண் பூசியது போல் துருப்பிடித்திருந்தன. அது நான்கு முறை பிரேக் பிடித்ததும் போய்விட்டது. இரண்டு வாரத்தில் வீல்களின் மேல் ஆறிய பாலில் ஆடை படிந்தது போல ஒரு மங்கல் வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் நட்டுகளைச் சுற்றி லாக்கர் நகத்தால் பெயர்க்கும் அளவுக்குச் செதில் செதிலாக எழும்பிவிட்டது. கடைக்காரருக்குப் பத்து நிமிடம் மிச்சமானது. எனக்கு நான்கு வீல்களையும் உரித்துப் பெயின்ட் அடிக்கும் செலவு.

வீல் கழுவவென்றே விற்கப்படும் சில கலவைகளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதே இனத்து உப்போ இருக்கும். நீர்த்த நிலையில் அது தோலில் பட்டவுடன் எரியாமல் இருக்கலாம். சில மணி நேரம் கழித்துத்தான், சதைக்குள் ஊடுருவி எலும்புவரை போனபின், வேதனை தெரியவரும். வெறுங்கையோடு அதைத் தேய்க்கும் பையன்களைப் பார்க்கும்போது வீலைப் பற்றிய கவலை எனக்கு இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. அமிலம் வேண்டாமென்று காஸ்டிக் சோடாவுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அலுமினியம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். கழுவ விடும்போது “வீலுக்கு ஷாம்பூ மட்டும் போதும்” என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள். டீயைப் பிறகு குடிக்கலாம்.

புதிதாகத் தார் போட்ட சாலையில் போய்வந்தேன். வீல் முழுக்கத் தார்ப் பொட்டுகள்.

‘டார் ரிமூவர்’ நல்லது. அவசரத்துக்கு மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து, பொட்டின் மேல் அரை நிமிடம் வைத்திருந்து, அழுத்தாமல் துடைத்தெடுக்கலாம். டயரிலும் டிஸ்க்கிலும் ஒரு சொட்டும் படக் கூடாது. முடிந்ததும் ஷாம்பூவால் கழுவுங்கள்.

போர் தண்ணீரில் கழுவுகிறோம். வீலில் வெள்ளை வட்டங்கள்.

தண்ணீர் காய்ந்தபின் தங்கும் சுண்ணாம்பு அது. வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, குளிர்ந்த வீலில் ஒரு நிமிடம் வைத்துத் துடைத்து நன்றாக அலசுங்கள். இதுவும் அமிலம்தான், வீரியம் குறைந்தது என்பதால் மட்டும் அனுமதிக்கிறேன். கழுவிய உடனே ஈரத்தைத் துடைத்துவிட்டால் வட்டமே வராது.

ஆயுத பூஜைக்கு வெள்ளி நிற வீலில் மஞ்சள் பூசினோம். சோப்புப் போட்டால் சிவப்பாகிறது!

சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கத்தான் செய்யும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு கலந்ததும் நடப்பது அதுவேதான். அலசிவிட்டுச் சில நாள் வெயிலில் நிறுத்துங்கள். வெயிலே மஞ்சளை வெளுக்க வைக்கும்.

டைமண்ட் கட் (முகப்பை லேத்தில் சீவிப் பளபளப்பாக்கிய) வீலின் ஓரத்தில் புழு ஊர்ந்தது போல் வெள்ளைக் கோடுகள். எதைப் போட்டும் அழியவில்லை.

அழியாது. அது லாக்கருக்கு அடியில் ஓடும் அரிப்பு, மேலே எதைத் தேய்த்தாலும் லாக்கர்தான் தேயும். லேத்தில் மறுபடி சீவி லாக்கர் அடிக்க வேண்டும், அதையும் ஒரே வீலுக்கு ஓரிரு முறைக்கு மேல் செய்ய முடியாது. உங்கள் வீலுக்கு எப்போதாவது ஆசிட் அடித்தார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

பின்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்ப் பசை. துடைத்தால் மறுநாளே திரும்ப வருகிறது. நிரந்தரமாகப் போக்குவது எப்படி?

மறுநாளே வருகிறதென்றால் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லையா? பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதா பாருங்கள். குறைந்திருந்தால், டிரம்முக்குள் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறது. துடைப்பதை விட்டுவிட்டு, வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

பாலன்சிங் எடையை ஒட்டிய பசை வீலில் தங்கிவிட்டது.

ஹேர் டிரையரால் சூடாக்கி விரலால் உருட்டி எடுங்கள். கத்தி வேண்டாம்.