தக்கையும் ஈயமும்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: கடையில் வாங்கிய சிவப்பு வெள்ளை உருண்டைத் தக்கையைக் கட்டி, சுங்கை பிளுஸ் ஆற்றில் லம்பாம் மீனுக்குத் தூண்டில் போடுகிறேன். தக்கை இலேசாக ஆடுகிறது. தூக்கிப் பார்த்தால் முள்ளில் இரை இருப்பதில்லை. எந்தத் தக்கை, எவ்வளவு ஈயம் கட்ட வேண்டும்?
– தோட்டத்து வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் தக்கைக்கு மிதப்பு அதிகம், அந்த மிதப்பைத் தணிக்கும் அளவுக்கு ஈயம் கட்டப்படவில்லை. லம்பாம் இரையைக் கொத்திக் கொத்திப் பார்க்கும் மீன். உருண்டைத் தக்கை நீருக்குள் இறங்க வேண்டுமானால் அதை நல்ல பலத்துடன் இழுக்க வேண்டும். அந்த இழுப்பு வாயில் பட்டவுடன் மீன் இரையை விட்டுவிடும், அல்லது ரொட்டி உருண்டையை ஓரமாகவே கரைத்துத் தின்றுவிடும்.

தக்கையைக் கடையில் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு, அதற்கு ஈயம் தேடுவது தலைகீழான முறை. முதலில் ஆற்றைப் பாருங்கள். இரையை அடிக்குக் கொண்டுபோக அந்த நீருக்கு எவ்வளவு ஈயம் தேவை என்று முடிவு செய்த பிறகு, அந்த ஈயத்தைச் சுமக்கும் மிகச் சிறிய தக்கையைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டிலேயே ஒரு வாளி நீரில் இதைச் சரிபார்க்கலாம். மெல்லிய குச்சித் தக்கையை ஈயமில்லாமல் போட்டால் படுத்து மிதக்கும். பிளவுள்ள சிறு ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகத் தூண்டில் நரம்பில் பொருத்திக்கொண்டே வந்தால் முதலில் அது நிமிரும், பிறகு கழுத்தளவு இறங்கும், கடைசியில் வண்ணம் பூசிய நுனி மட்டும் ஓர் அரிசி மணி நீளத்துக்கு வெளியே நிற்கும், அங்கே நிறுத்திவிடுங்கள். முள்ளில் இரையையும் கோத்தே இதைச் செய்யுங்கள், ஏனெனில் இரையின் எடையும் கணக்கில் சேரும். நம் பிள்ளைகள் பழைய ஜப்பான் சிலிப்பரின் (ரப்பர் செருப்பின்) ஓரத்தை வெட்டிச் செய்யும் தக்கையையும் இப்படிச் செதுக்கிச் செதுக்கிச் சரிசெய்துவிடலாம். அது கடைத் தக்கைக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

நீர் மெதுவாக நகரும் மடுவுக்கு மெல்லிய குச்சித் தக்கை போதும். குண்டுகளைத் தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவே பரவலாகப் பொருத்தினால், செம்பனைப் பழமோ ரொட்டியோ தானாக உதிர்ந்து விழுவதுபோல் இறங்கும். இழுப்பான நீரில் இது உதவாது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதால், இரை மேலே தூக்கப்பட்டு மீனின் தலைக்கு மேல் போய்விடும். அங்கே மேற்பகுதி பருத்து அடிப்பகுதி மெலிந்த தக்கையைக் கட்டி, குண்டுகளை முள்ளுக்கு ஓர் அடி மேலே ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்; நுனியும் ஒரு விரற்கடை வெளியே தெரியட்டும், இல்லாவிட்டால் சுழிப்பே அதை மூழ்கடித்து உங்களை ஏமாற்றும்.

ஆழத்தை ஊகிக்காதீர்கள். முள்ளில் ஒரு பெரிய ஈயத்தை மாட்டிப் போட்டுப் பாருங்கள். தக்கை முழுவதும் மூழ்கினால் அதை நரம்பில் மேலே ஏற்ற வேண்டும்; படுத்துக்கொண்டால் கீழே இறக்க வேண்டும்.

கேள்வி: கோலகங்சாரில் பேராக் ஆற்றங்கரையில் மாலைக்குப் பின் பாவுங் மீனுக்குத் தக்கையில்லாமல் ஈயத்தை ஆற்றின் அடியில் படியவிட்டு அடித்தூண்டில் போடுகிறேன். உருண்டை ஈயம் உருண்டுகொண்டே கரையோரம் வந்துவிடுகிறது. இன்னும் பெரிய ஈயம் வாங்கலாமா?
– இன்னொரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: எடையைக் கூட்டுவதற்கு முன் வடிவத்தை மாற்றுங்கள். தட்டையான ஈயம் மணலில் படிந்து நிற்கும். உருண்டை அதே எடையில் உருளும். நடுவில் துளையுள்ள ஈயத்தில் நரம்பைக் கோத்து, அதற்குக் கீழே கிலி-கிலி என்னும் சுழல் வளையத்தைக் கட்டி, அங்கிருந்து முள்ளுக்கு ஒன்றரை அடி நரம்பு விடுங்கள். பாவுங் இரையை எடுத்துக்கொண்டு நகரும்போது நரம்பு துளை வழியே ஓடும், ஈயத்தின் பாரம் மீனுக்குத் தெரியாது.

ஒரு விஷயத்தை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1930ஆம் ஆண்டு முதல் மின்சாரம் தயாரித்துவரும் செண்டெரோ அணை இதே ஆற்றில் கோலகங்சாருக்கு மேலே இருப்பதால், அங்கே நீரைத் திறந்துவிட்டால், ஊரில் மழை இல்லாவிட்டாலும் நீர்மட்டம் ஏறக்கூடும். கரையில் ஒரு குச்சியை நட்டு அடிக்கடி பாருங்கள். இருட்டில் மணல் திட்டில் உட்காராதீர்கள்.

கேள்வி: என் பேரன் ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்குகிறான். இது கெடுதலா?
– ஒரு பாட்டி, லிந்தாங்

பதில்: கெடுதல்தான் அம்மா, இன்றே நிறுத்துங்கள். ஈயம் உடலில் சேரும் நஞ்சு. வளரும் பிள்ளையின் மூளையை அது பாதிக்கும். குண்டுகளை விழுங்கிய அன்னப்பறவைகள் இறந்ததால், பிரிட்டனில் 1987இல் 28 கிராம் வரையிலான பெரும்பாலான தூண்டில் ஈயங்களின் விற்பனை தடை செய்யப்பட்டது. பழைய பேட்டரி ஈயத்தை அடுப்பில் உருக்கி வார்ப்பதும் கூடாது.

சிறிய குறடு ஒன்றை வாங்கிக் கொடுங்கள். அடித்தூண்டிலுக்கு இரும்பு நட்டுகளே போதும்: 10 கிராம் ஈயம் நீருக்குள் சுமார் 9.1 கிராம் எடை காட்டும், அதே எடையுள்ள இரும்பு 8.7 கிராம் காட்டும். இரும்பு அளவில் சற்றுப் பெரிதாக இருப்பதால் நீரோட்டம் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளும், அவ்வளவுதான். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பேரன் சாப்பாட்டில் கை வைக்கட்டும்.