யார் எழுதினால் எடுபடும்?

கேள்வி: பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள் அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமிக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். எங்கள் கோயில் பொங்கல் விழாவுக்கு வந்திருந்த மாநில செனட்டர், கோயில் அறக்கட்டளைத் தலைவர், இந்திய ராணுவத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்ற என் அண்ணன் ஆகிய மூவரிடமும் பரிந்துரைக் கடிதம் வாங்க நினைக்கிறேன். சரிதானே?
– ஒரு வாசகர், டாலஸ்

பதில்: சரியில்லை. மூவரும் மதிப்புக்குரியவர்கள்தாம், ஆனால் உங்கள் மகள் ஒரு பொறுப்பை ஏற்றுத் திண்டாடியதையோ சமாளித்ததையோ அவர்களில் எவரும் அருகிலிருந்து பார்த்ததாக உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தைகூட இல்லை.

செனட்டரை நீங்கள் நாடுவதற்கு ஒரு குழப்பம் காரணமாக இருக்கலாம். வெஸ்ட் பாயின்ட்டில் சேருவதற்குப் பெரும்பாலோருக்கு ஓர் அரசியல் பிரமுகரின் நாமினேஷன் (முறைப்படியான முன்மொழிவு) சட்டப்படி தேவை என்பது உண்மையே. ஆனால் அந்த அதிகாரம் வாஷிங்டனில் உங்கள் மாநிலத்தின் சார்பில் அமரும் இரண்டு செனட்டர்கள், உங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர், துணை அதிபர் ஆகியோருக்கு உண்டே தவிர, டெக்சாஸ் தலைநகர் ஆஸ்டினில் அமரும் மாநில செனட்டருக்குக் கிடையாது. அவர்கள் ஒவ்வொருவரின் கணக்கிலும் ஒரே சமயத்தில் 5 பேர்தான் அங்கே படிக்க முடியும் என்பதால், போட்டி கடுமையானது. இதற்கு முகப்பழக்கம் தேவையில்லை. அவர்களுடைய அலுவலகங்களுக்கு உங்கள் மகளே தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த அலுவலகங்கள் கேட்கும் இணைப்புகளில் ஒன்றுதான் பரிந்துரைக் கடிதம்.

வெஸ்ட் பாயின்ட்டோ, கணிதம், ஆங்கிலம், அறிவியல் பாடங்களின் ஆசிரியர்களிடமிருந்து நேரடியாக மதிப்பீடு கேட்கிறது. ஆகவே, எந்த ஆசிரியர் என்பதே உங்கள் முதல் கவலையாக இருக்கட்டும். நூற்றுக்கு நூறு கொடுத்தவரைவிட, முதல் தேர்வில் சறுக்கிய மாணவி மாலை வேளைகளில் தங்கிப் படித்து மேலேறியதைக் கண்டவர் எழுதுவது கனமாக இருக்கும். "ஒழுக்கமானவள், உழைப்பாளி" என்று யாரைப் பற்றியும் எழுதலாம். "போட்டிக்கு முந்தைய இரவு ரோபோவின் மோட்டார் பழுதானபோது, அணியில் ஒருவரையொருவர் குறைசொல்வதை நிறுத்தி, வேலையைப் பிரித்துக் கொடுத்தவள் இவள்" என்று எழுத, அந்த இரவில் அங்கே இருந்த ஒருவரால்தான் முடியும். பள்ளிக்கு வெளியே தேடினால் ஓட்டப் பயிற்சியாளர், பகுதிநேர வேலை பார்த்த கடையின் மேலாளர், வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியில் அவள் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதை மேற்பார்வையிட்டவர் ஆகியோர் பொருத்தமானவர்கள். அறக்கட்டளைத் தலைவரும் அன்னதான வரிசையில் அவளை வேலை வாங்கியிருந்தால் எழுதலாம். விழா மேடையில் சால்வை போர்த்தியது மட்டும் போதாது.

கோடை விடுமுறைக்கு முன்பே, அவளே நேரில் சென்று கேட்கட்டும். இலையுதிர் காலத்தில் எல்லா மாணவர்களுக்கும் கல்லூரிக் கடிதம் எழுதி ஆசிரியர்கள் களைத்துவிடுவார்கள். கடைசித் தேதி, அனுப்ப வேண்டிய முகவரி, அவரிடம் அவள் செய்த பணிகள் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம். கடிதத்தையே நீங்கள் தட்டச்சு செய்து கையெழுத்து மட்டும் வாங்கும் நம் ஊர் வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். பொய் சொல்லாதே, ஏமாற்றாதே, திருடாதே, அப்படிச் செய்பவரைச் சகித்துக்கொள்ளாதே என்பதையே நெறியாக வைத்திருக்கும் இடத்துக்கல்லவா அவள் போகிறாள்!

உங்கள் அண்ணன் விஷயம். உறவினரின் கடிதத்துக்கு எந்தத் தேர்வுக் குழுவும் மதிப்பளிக்காது. இந்தியாவிலும் இதே கதைதான்: என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வுக்கான யு.பி.எஸ்.சி. அறிவிக்கை, எவ்வழியிலேனும் தன் விண்ணப்பத்துக்கு ஆதரவு தேடுவதைத் தண்டனைக்குரிய முறைகேடுகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வில் எந்தச் சிபாரிசு செல்லும் என்று அவரையே கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். அவருக்கு வேறு வேலை இருக்கிறது. வெஸ்ட் பாயின்ட்டின் உடற்தகுதித் தேர்வில் தண்டாலும் ஒரு மைல் ஓட்டமும் உண்டு. கையில் ஸ்டாப்வாட்ச்சுடன் காலை ஐந்து மணிக்கு அவர் மைதானத்துக்கு வரட்டும்.