நீலத்திரையில் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று காட்டிவிட்டுக் கணினி அடிக்கடி நின்றுபோகிறது. விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டுமா?

அவசரப்பட்டு விண்டோஸை அழிக்காதீர்கள். இந்தப் பெயர் வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது கணினியின் தற்காலிக நினைவகமான ரேமைத்தான். டிரைவர் (கணினியின் பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) கோளாறாலும் வரலாம். ஆனால் ரேமைச் சோதிப்பதற்குச் செலவே இல்லை.

அதற்கு முன்னால் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள். கெட்டுப்போன ரேம், சேமிக்கிற கோப்பையும் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’கைத் தேடி ஓட்டிப் பாருங்கள். அதில் பிழை வராவிட்டாலும் ரேம் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிட முடியாது. மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அலட்சியம் வேண்டாம். பயாஸில் (விண்டோஸ் துவங்குமுன் திறக்கும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி போட்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு மறுபடி சோதியுங்கள். வேகத்தைக் கூட்டியதால் மட்டுமே தடுமாறுகிற ரேம்களும் உண்டு.

அப்போதும் பிழை வந்தால், மின்வயரைக் கழற்றிவிட்டு ரேமை எடுத்து அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக ஒரே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் பிழை வந்தால் அதுதான் கெட்டது. இரண்டிலுமே வந்தால் ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். சரி, ரேம்தான் என்று உறுதியானால் உடனே புதிது வாங்கிவிட வேண்டாம். ஆயுள்கால உத்தரவாதத்தோடு விற்கப்படும் ரேம்கள் நிறைய உண்டு, பழைய பில்லைத் தேடுங்கள்.