ஃப்ளோரிடாவுல டபிள்யூ.ஹெச்.ஓ. செல்லாதாமே, அப்போ நம்மூர்ல போட்ட ஊசி?

தம்பி, நீங்க கேட்டது இதானே, ஃப்ளோரிடா டாம்பாவுல வேலை கிடைச்சிருக்கு, அஞ்சு வயசுப் பொண்ணை வந்ததும் கிண்டர்கார்டன்ல சேர்க்கணும், ஆனா அந்த மாநிலத்துல டபிள்யூ.ஹெச்.ஓ. (உலக சுகாதார அமைப்பு) சொல்றது எதுவும் செல்லாதுன்னு சட்டமே போட்டுட்டாங்களாம், அப்போ நம்ம பி.எச்.சி.ல போட்ட ஊசிக்கு மதிப்பு இருக்குமான்னு. மதிப்பு இருக்கு. சட்டம் இருக்கறதும் நிஜம்தான், ஆனா அது உங்க பொண்ணோட தடுப்பூசி அட்டை பக்கமே வராது.

2023 மே மாசம் கவர்னர் டிசாண்டிஸ் கையெழுத்து போட்ட எஸ்.பி. 252-னு ஒரு சட்டம் அது. முக்கால்வாசி கோவிட் சமாச்சாரம், கம்பெனிக்காரங்க ஊசி போட்டதுக்கு ப்ரூஃப் கேக்கக்கூடாது அந்த மாதிரி. அதுக்கு நடுவுல ஒரு பகுதி, அரசு ஆபீஸோ ஸ்கூல் காலேஜோ டபிள்யூ.ஹெச்.ஓ. மாதிரி சர்வதேச சுகாதார அமைப்போட வழிகாட்டுதலை எடுத்து நடைமுறைப்படுத்தக்கூடாது, மாநிலச் சட்டமோ விதியோ கவர்னர் உத்தரவோ அனுமதிச்சாதான் உண்டுன்னு சொல்லுது. லூசியானாவுல 2024-ல இன்னும் ஒரு படி மேல போய் டபிள்யூ.ஹெச்.ஓ., ஐ.நா., உலகப் பொருளாதார மன்றம் மூணுக்கும் இந்த மாநிலத்துக்குள்ள எந்த அதிகாரமும் கிடையாது, அவங்க பேரைச் சொல்லி மாஸ்க், ஊசி, டெஸ்ட் எதையும் கட்டாயப்படுத்த முடியாதுன்னு எழுதிட்டாங்க, செனட்ல 37-0-ன்னு பாஸ் ஆச்சு.

என்னைக் கேட்டா இதெல்லாம் இல்லாத ஊருக்குப் போகாத வழி. டபிள்யூ.ஹெச்.ஓ.வுக்கு இங்க அதிகாரம் எப்போ இருந்துச்சு, இப்போ பிடுங்கறதுக்கு? ஊசி போடச் சொல்ற அதிகாரம் மாநிலத்தோடதுன்னு சுப்ரீம் கோர்ட் 1905-லயே சொல்லியாச்சு, மாசசூசெட்ஸ்ல பெரியம்மை ஊசி போட மாட்டேன்னவருக்கு அஞ்சு டாலர் அபராதம் போட்ட கேஸ் அது, அப்போ டபிள்யூ.ஹெச்.ஓ. பொறக்கவே இல்லை. 2025 மே மாசம் ஜெனீவாவுல நிறைவேறின பெருந்தொற்று ஒப்பந்தத்துலயும் ஒரு நாட்டோட சட்டத்தை மாத்தவோ லாக்டவுன் போடச் சொல்லவோ எங்களுக்கு அதிகாரம் இல்லைன்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க. அமெரிக்காவே 2026 ஜனவரில அந்த அமைப்பை விட்டு வெளிய வந்துடுச்சு, வந்த கையோட கலிஃபோர்னியா தனியாப் போய் டபிள்யூ.ஹெச்.ஓ.வோட நோய்ப்பரவல் நெட்வொர்க்ல சேர்ந்துக்கிச்சு. மாநிலத்துக்கு மாநிலம் அரசியல், அவ்ளோதான். 2021-ல ஃப்ளோரிடாவோட அலச்சுவா, பிரவர்ட் கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஸ்கூல் போர்டுங்க மாநிலத் தடையை மீறி மாஸ்க் கட்டாயம்னு சொன்னப்போ போர்டு மெம்பர்ங்க சம்பளக் கணக்குக்கு மாநிலம் பணத்தைப் பிடிச்சுச்சு, அந்தச் சண்டையும் மாநிலத்துக்கும் கவுண்ட்டிக்கும் நடுவுலதான்.

உங்களுக்கு நிஜமா இடிக்கப்போறது வேற இடம். நம்மூர் அட்டவணையும் இங்கத்து அட்டவணையும் ஒண்ணு இல்லை, இந்தச் சட்டம் வர்றதுக்கு முன்னாடியும் அப்படித்தான். நம்ம கவர்மென்ட் ஆஸ்பத்திரில போடறது எம்.ஆர்., அதாவது தட்டம்மை, ருபெல்லா ரெண்டுக்கும் சேர்ந்த ஊசி, அதுல பொன்னுக்கு வீங்கிக்கு மருந்து கிடையாது, இங்க ஸ்கூலுக்கு அதையும் சேர்த்த எம்.எம்.ஆர். ரெண்டு டோஸ் வேணும். அதுவும் முதல் பொறந்தநாளுக்கு அப்புறம் போட்டிருக்கணும், ஒன்பது மாசத்துல போட்டதை இங்க கணக்குல எடுத்துக்க மாட்டாங்க. ப்ரைவேட் டாக்டர்கிட்ட எம்.எம்.ஆர்.ஏ போட்டிருந்தாலும் அந்த ஒன்பது மாச டோஸ் போச்சுதான். போலியோ சொட்டு மருந்தும் அப்படித்தான், 2016 ஏப்ரலுக்கு அப்புறம் குடுத்தது ரெண்டு வகை வைரஸுக்கு மட்டும்ங்கறதால சேர்த்துக்க மாட்டாங்க, ஊசியா போட்டுக்கணும். சின்னம்மை ஊசி நம்ம கவர்மென்ட் லிஸ்ட்லயே இல்லை. திரும்பப் போடணும்னு சொன்னா பதறாதீங்க, குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது, இன்ஷூரன்ஸ் இருந்தா பெரும்பாலும் காசும் கேக்க மாட்டாங்க.

அப்புறம் பி.சி.ஜி., நம்மூர்ல பொறந்ததும் போடற டி.பி. தடுப்பூசி. யாராவது டாக்டர் டி.பி. டெஸ்ட் எடுக்கணும்னா தோல்ல போடற டெஸ்ட் வேண்டாம், ரத்த டெஸ்ட் எடுங்கன்னு தைரியமாச் சொல்லுங்க. பி.சி.ஜி. போட்ட நம்ம பிள்ளைங்களுக்கு தோல் டெஸ்ட் சில சமயம் வீங்கி, தேவையில்லாம எக்ஸ்ரே மருந்துன்னு இழுத்துவிட்டுடும். எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தனுக்கு ஒரு கிளினிக்ல இப்படித்தான் பண்ணி அவங்க அம்மா ரெண்டு வாரம் தூங்கலை. பின்னாடி க்ரீன் கார்டு மெடிக்கலுக்கும் ரெண்டு வயசுக்கு மேல ரத்த டெஸ்ட்தான், அது ஃபெடரல் விவகாரம், மாநிலச் சட்டம் அங்க எட்டாது.

கவனிக்க வேண்டிய செய்தி ஒண்ணு இருக்கு, அது டபிள்யூ.ஹெச்.ஓ. பத்தினது இல்லை. 2025 செப்டம்பர்ல ஃப்ளோரிடா சர்ஜன் ஜெனரல் (மாநிலத்தோட தலைமை சுகாதார அதிகாரி) லடாப்போ ஸ்கூல் ஊசிக் கட்டாயம் அத்தனையையும் எடுத்துடுவோம்னு அறிவிச்சார். சின்னம்மை, ஹெபடைட்டிஸ் பி மாதிரி சிலது சுகாதாரத் துறையோட விதில இருக்கு, அவங்களே மாத்தலாம், தட்டம்மை, போலியோ எல்லாம் சட்டத்துலயே இருக்கறதால சட்டமன்றம்தான் கை வைக்கணும். அதனால நீங்க வர்ற சமயத்துல லிஸ்ட்ல எது இருக்குன்னு டாம்பா இருக்கற ஹில்ஸ்பரோ கவுண்ட்டி ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல கேட்டுக்கங்க. கட்டாயம் இல்லைன்னு வந்தாலும் எம்.எம்.ஆர். மட்டும் போடாம விடாதீங்க, எல்லாரும் விட ஆரம்பிச்சா தட்டம்மை திரும்ப வர ரொம்ப நாள் ஆகாது.

கிளம்பறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட லெட்டர்பேட்ல இங்கிலீஷ்ல ஒரு லிஸ்ட் வாங்கிடுங்க. பென்டாவேலன்ட்னு மட்டும் போட்டா இங்க முழிப்பாங்க, அதுல என்னென்ன ஊசி அடக்கம்னு பிரிச்சு எழுதச் சொல்லுங்க. தேதியில மாசத்தை எழுத்துல போடச் சொல்லுங்க, 05/08-னு இருந்தா இங்க மே 8-னு படிப்பாங்க, அந்த மூணு மாச வித்தியாசத்துல ஒரு டோஸ் பொறந்தநாளுக்கு முன்னாடி போய் விழுந்துடும். இங்க வந்ததும் குழந்தை டாக்டரோ கவுண்ட்டி ஹெல்த் டிபார்ட்மென்ட்டோ அதைப் பாத்து டி.எச். 680-னு ஒரு ஃபாரம் நிரப்பிக் குடுப்பாங்க, ஸ்கூல் கேக்கறது அதைத்தான். ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் வாக்குல ஸ்கூல் திறந்துடும், ஜூலைலயே அப்பாயின்ட்மென்ட் போட்டுடுங்க, அப்புறம் கூட்டம் தாங்காது.