கமலா ஹாரிஸ் சேர்ந்திருந்த மாணவியர் சங்கத்திலிருந்து வேறு யாரெல்லாம் சாதித்திருக்கிறார்கள்? அது வெறும் கல்லூரித் தோழியர் வட்டம்தானே?

தோழியர் வட்டம்தான், ஆனால் பட்டம் வாங்கிய கையோடு கலைந்துவிடாத வட்டம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொண்டு இயங்கும் மாணவியர் சங்கங்களைச் சொராரிட்டி என்பார்கள். வெள்ளை மாணவியர் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய சங்கங்களிலிருந்தும் பெயர் பெற்றவர்கள் வந்திருக்கிறார்கள். பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தை வழிநடத்திய கேரி சாப்மன் கேட், அயோவாவில் படித்த காலத்தில் பை பீட்டா ஃபை சங்கத்தின் உறுப்பினர். எனினும் உங்கள் கேள்வி கமலா ஹாரிஸைப் பற்றியது என்பதால், கறுப்பினப் பெண்கள் தமக்கென்று உருவாக்கிக்கொண்ட சங்கங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவற்றுள் மூத்தது, ஹாரிஸ் 1986இல் சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1908 ஜனவரி 15 அன்று தொடங்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் அதன் போக்கில் நிறைவு கொள்ளாத 22 மாணவியர் பிரிந்து சென்று டெல்டா சிக்மா தீட்டாவை நிறுவினார்கள். (ஒரு கட்சி பிளந்து இன்னொன்று பிறப்பது நமக்குப் புதிய செய்தி அன்று.) புதிய சங்கம் பொதுவெளியில் எடுத்துவைத்த முதல் அடி, 1913 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் கலந்துகொண்டது. கறுப்பினப் பெண்கள் பேரணியின் கடைசியில் வரட்டும் என்று ஏற்பாட்டாளர்களில் சிலர் கருதிய அந்தப் பேரணியில், தொடங்கி இரண்டு மாதங்கூட ஆகாத ஒரு சங்கத்தின் மாணவிகள் தம் பதாகையோடு நடந்தார்கள்.

சாதனையாளர் பட்டியலுக்குச் செல்லும் முன் ஓர் எச்சரிக்கை. இணையத்தில் காணப்படும் பட்டியல்கள் பலவும் கல்லூரிக் காலத்தில் சேர்ந்தவர்களையும், புகழ் பெற்ற பின்னர் கௌரவ உறுப்பினராக்கப்பட்டவர்களையும் ஒரே வரிசையில் வைக்கின்றன. ரோசா பார்க்ஸ் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் கௌரவ உறுப்பினர். பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்த அவருடைய துணிவைச் சங்கத்தின் கணக்கில் வரவு வைப்பது நியாயமாகாது. அதே சங்கத்தின் கௌரவ உறுப்பினரான மே ஜெமிசன், 1992 செப்டம்பரில் எண்டவர் விண்ணோடத்தில் சென்று விண்வெளியை எட்டிய முதல் கறுப்பினப் பெண்மணியானபோது சங்கத்தின் பதாகை ஒன்றை உடன் எடுத்துச்சென்றார். அது அவருடைய அன்பைக் காட்டுகிறதே அல்லாமல் சங்கம் அவரை உருவாக்கியதைக் காட்டவில்லை. என்னைக் கேட்டால், சங்கத்தோடு வாழ்க்கை பின்னிப்பிணைந்தவர்களைத்தான் முதலில் கொண்டாட வேண்டும்.

அந்த வகையில் என் முதல் தேர்வு சேடி டானர் மொசெல் அலெக்சாண்டர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1921இல் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்ற அவர், அமெரிக்காவில் அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். அந்தப் பட்டத்தைப் பெற்ற வேளையில் அவர் டெல்டா சிக்மா தீட்டாவின் முதல் தேசியத் தலைவராகவும் இருந்தார். முனைவர் பட்டம் இருந்தும் அவரைப் பேராசிரியராக ஏற்பார் இல்லாததால், வட கரோலினாவில் கறுப்பினத்தவர் நடத்திய ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, திரும்பி வந்து அதே பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1927இல் வழக்கறிஞரானார். பின்னாளில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த குடிமை உரிமைகள் குழுவிலும் இடம்பெற்றார்.

டாரதி ஹைட் 1947 முதல் 1956 வரை டெல்டாவின் தலைவர். அதன்பின் நாற்பது ஆண்டுகள் நீக்ரோ மகளிர் தேசியக் கவுன்சிலை நடத்தியவர். 1963 வாஷிங்டன் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய மேடையில் நின்றிருந்தும், சிறந்த பேச்சாளரான அவருக்குப் பேச வாய்ப்பு அளிக்கப்படவில்லை. பாட்ரிசியா ராபர்ட்ஸ் ஹாரிஸ் 1950களில் டெல்டாவின் நிர்வாக இயக்குநராகச் சம்பளத்துக்குப் பணியாற்றியவர். 1965இல் லக்சம்பர்குக்குத் தூதராகவும், 1977இல் அமைச்சராகவும் ஆனார். இரு பதவிகளையும் வகித்த முதல் கறுப்பினப் பெண் அவரே. 1968இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான ஷெர்லி சிஷோமும், ஜான் கிளென்னின் 1962 விண்பயணக் கணக்குகளைச் சரிபார்த்த கேத்தரின் ஜான்சனும் எல்லாப் பட்டியல்களிலும் இருப்பார்கள். முன்னவர் டெல்டா, பின்னவர் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா.

தனி மனிதர்களைவிட என்னை அதிகம் கவர்ந்தது, ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா 1935 முதல் பல கோடைகளில் மிசிசிப்பி மாநிலத்தில் நடத்திய மருத்துவ முகாம்கள். மருத்துவர் டாரதி போல்டிங் ஃபெரிபீ தலைமையில் செவிலியரும் ஆசிரியைகளும் தம் கார்களிலேயே அங்கு சென்றார்கள். ஓரிடத்தில் முகாம் அமைத்து மக்களை வரவழைப்பதே திட்டம். ஆனால் பருத்தித் தோட்ட முதலாளிகள், விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிரிட்ட கறுப்பினக் குடும்பங்களைத் தோட்டத்தை விட்டு அனுப்ப மறுத்துவிட்டார்கள். எனவே பெண்கள் மருந்துப் பெட்டிகளைக் கார்களில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சென்று, கங்காணிகளின் கண்முன்னேயே, குழந்தைகளுக்குப் பெரியம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போட்டார்கள். கல்லூரி முடித்து வேலையில் அமர்ந்த பெண்கள் தம் கோடை விடுமுறையை இப்படிச் செலவிட்டார்கள் என்பதை எந்தத் தனிநபர் விருதுக்கும் மேலாக நான் மதிக்கிறேன்.

இச்சங்கங்கள்மீது குறைகளும் உண்டு. வசதி படைத்த குடும்பத்துப் பெண்களுக்கே முன்னுரிமை, புதியவர்களைத் துன்புறுத்தும் ராகிங் போன்ற விமர்சனங்கள் கறுப்பினச் சமூகத்துக்குள்ளிருந்தே நெடுங்காலமாக எழுந்து வருகின்றன. அவற்றை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இனி, கமலா ஹாரிஸ். சென்னையில் பிறந்து 1958இல் பெர்க்லிக்குப் படிக்கச் சென்ற சியாமளா கோபாலனின் மகள் என்ற வகையில் நாம் அவரைக் கொண்டாடினோம். அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பதாகைகள் வைத்தோம். சங்கத்துப் பெண்கள் வேறு விதமாகக் கொண்டாடினார்கள். 2020 ஆகஸ்டில் அவர் துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக அறிவிக்கப்பட்டதும், தேர்தல் நிதிக்கு ஆயிரக்கணக்கானோர் மிகச் சரியாக 19.08 டாலர் அனுப்பினார்கள். சங்கம் பிறந்த 1908ஐக் குறிக்கும் தொகை அது. இந்த வலைப்பின்னல் தேர்தலை வென்று கொடுக்கும் என்று நான் சொல்லமாட்டேன். 2024இல் கொடுக்கவும் இல்லை. ஆனாலும் அந்த ஆண்டு ஜூலை 21 அன்று பைடன் போட்டியிலிருந்து விலகிய மூன்றாம் நாளே, ஹாரிஸ் இண்டியானாபோலிஸ் நகருக்குச் சென்று கறுப்பினப் பெண்களின் இன்னொரு சங்கமான ஜீட்டா ஃபை பீட்டாவின் மாநாட்டில் ஆதரவு கேட்டுப் பேசினார். அது அவருடைய சங்கங்கூட அன்று.