வாசகர் கேள்வி: பாஸ்டைக்குக் காரா, நடையா?

கேள்வி: மகள் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் வேலை பார்க்கிறாள். ஜூனில் அங்கே போகிறோம். பக்கத்து மணற்கல் மலையில், பாஸ்டை என்ற பாறை உச்சியில் இருக்கும் பாலத்துக்குப் பக்கத்திலேயே பார்க்கிங் இருக்கிறதாம். காரில் போய் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். பாறை இடுக்கு வழியாக ஏறித்தான் போக வேண்டும் என்கிறாள் மகள். எனக்கு வயது 58, சுமாராக நடப்பேன். யார் பேச்சைக் கேட்பது? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: மகள் பேச்சைத்தான். இந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்ட நான் சொல்கிறேன், பாலம் இரண்டாம்பட்சம்.

டிரெஸ்டன் மெயின் ஸ்டேஷனில் எஸ்-1 ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் ராட்டன் என்ற சிற்றூர். ஸ்டேஷன் எல்பே ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஊர் அந்தப் பக்கம். நடுவில் ஓடும் படகுக்கு எஞ்சின் வேலை இல்லை. ஆற்றில் நங்கூரமிட்ட நீளக் கம்பியில் கட்டியிருக்கிறார்கள். படகைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் நீரோட்டமே அக்கரைக்குத் தள்ளிவிடும். உங்கள் வீட்டுக்காரர் இதிலேயே பாதி சமாதானமாகிவிடுவார்.

ஊரைத் தாண்டி ஓடையோரமாகப் போனால் ஆம்சல் ஏரி. 1934-ல் ஓடையை மறித்து உண்டாக்கியது. அதையும் தாண்டி இடது பக்கம் பிரிகிற வழிதான் ஷ்வேடன்லோஷர். 1639-ல், ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரின்போது, சுவீடன் படைக்குப் பயந்து ஊர் ஜனங்கள் ஒளிந்துகொண்ட இடுக்கு. சுமார் 700 படி. கல்லில் வெட்டியதும் மரமும் இரும்புமாக மாறி மாறி வரும். சில இடங்களில் இரண்டு பக்கமும் கையை நீட்ட முடியாது. மேலே பார்த்தால் பெரிய கல் ஒன்று இரு சுவருக்கும் நடுவில் சிக்கி நிற்கும். அதன் அடியில்தான் வழி.

வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே சில்லென்று இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, அடியிலேயே தங்கிவிடுகிறது, வெயிலும் எட்டுவதில்லை. அதனால் இங்கே காடு தலைகீழ். குளிர் கேட்கும் பாசி, பெரணி, ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் எல்லாம் பள்ளத்தில். வறட்சி தாங்கும் பைன் உச்சியில். மூச்சு வாங்கும்போது நின்று சுவரைப் பாருங்கள். தேன்கூடு மாதிரிக் குழி குழியாக இருக்கும். கல்லுக்குள் ஊறும் நீரிலிருக்கும் உப்பு, மேற்பரப்புக்கு வந்து படிகமாகும்போது மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்துவிடுகிறது. நடுநடுவே பளீரென்ற மஞ்சள் திட்டு தெரியும். பெயின்ட் என்று நினைத்துவிடாதீர்கள், அது பாறையில் ஒட்டி வளரும் லைக்கன் என்ற உயிரி. சுரண்டிப் பார்க்கவும் வேண்டாம். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த மணல்தான் இந்தக் கல். சட்டென்று உதிரும்.

ஏறி முடித்தால் பாஸ்டை. ஆற்றுக்கு 194 மீட்டர் மேலே நிற்பீர்கள். கீழே எல்பே வளைந்து போகும். தூரத்தில் தட்டையான தலையோடு லிலியன்ஸ்டைன் மலை. பாலம் 1851-ல் கட்டியது, 7 வளைவு. கூட்டம் தாங்காது, வாரநாளில் காலையிலேயே போய்விடுங்கள். பாலத்தைக் கடந்து இறங்கினால் மறுபடி ராட்டன். இதே வட்டத்தைத் திருப்பிப் போகாதீர்கள். ஷ்வேடன்லோஷரின் ஈரப்படிகளில் ஏறுவது நெஞ்சுக்கு வேலை, இறங்குவது முழங்காலுக்கு வினை.

மகளுக்கு இன்னும் நடக்க ஆசை என்றால் இன்னொரு நாள் வேலன் என்ற ஊரிலிருந்து ஊட்டவால்ட் இடுக்கு வழியாகப் பாஸ்டைக்கு ஏறி, ஆற்றோரமாகத் திரும்பட்டும். முழுநாள் ஆகும். நீங்கள் அதற்குத் துணை போக வேண்டாம்.

கேள்வி: அங்கே பாறை ஏறுகிறவர்கள் இரும்புக் கருவி எதுவும் செருகக் கூடாதாமே? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: ஆமாம். பிளவுக்குள் உலோகத்தைச் செருகி இழுத்தால் மணற்கல் நொறுங்கிவிடும். அதனால் கயிற்றில் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சைப் பிளவுக்குள் திணித்து மாட்டிக்கொள்கிறார்கள். விழுந்தால் தாங்குவது அந்த முடிச்சுதான்! முதலில் ஏறியவர்கள் அடித்துவைத்த வளையங்கள் ஆங்காங்கே உண்டு, ஆனால் அடிக்கொன்று இருக்காது. கைக்குப் பூசும் வெள்ளைப் பவுடருக்கும் தடை. மழை பெய்து பாறை நனைந்திருந்தால் ஏறவே கூடாது; ஈர மணற்கல்லுக்குப் பலம் குறைவு. தனியாக நிற்கும் கல்தூண்களில் மட்டும்தான் அனுமதி. அது ஒன்றும் குறையில்லை, ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா? (ஒரு வாசகர், கோவை)

பதில்: பாஸ்டையில் ஹோட்டல் இருக்கிறது, காபியும் கேக்கும் நிச்சயம். நான் புளியோதரை கட்டிக்கொண்டுதான் போவேன். காட்டுக்குள் அடுப்பு மூட்டவோ சிகரெட் பிடிக்கவோ கூடாது. 2022-ல் அந்தப் பக்கம் பெரிய காட்டுத்தீ பிடித்தது. அப்புறம், பட்டை வண்டு அரித்துக் காய்ந்த ஸ்ப்ரூஸ் மரங்கள் நிறைய. எந்த மரம் எப்போது விழும் என்று தெரியாததால் சில பாதைகளை அவ்வப்போது மூடிவிடுகிறார்கள். கிளம்பும் முன் இந்தப் பகுதியின் சாக்சன் ஸ்விட்சர்லாந்து தேசியப் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.