தூசுத் தட்டில் ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று இருந்தால் அங்கே கோள் இருக்கிறதா?

கேள்வி: கல்லூரித் திட்டப்பணிக்காக இளம் விண்மீன்களைச் சுற்றியுள்ள தூசுத் தட்டுகளின் படங்களைச் சேகரித்திருக்கிறேன். பலவற்றில் ஒரு பக்கம் பிரகாசமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கிறது. அங்கே கோள் இருப்பதாக எழுதலாமா?

பதில்: அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். படம் எந்த ஒளியில் எடுக்கப்பட்டது என்று முதலில் பாருங்கள். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படமென்றால், தூசு சிதறடித்த விண்மீன் வெளிச்சத்தைத்தான் நாம் பார்க்கிறோம். மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் தூசு, வெளிச்சம் போகும் திசையிலேயே அதை அதிகமாகச் சிதறடிக்கும். எதிர்வெயிலில் ஜன்னல் கண்ணாடியில் படிந்த தூசு எடுப்பாகத் தெரிவதும் இதனால்தான். ஆகவே சாய்ந்த தட்டில் நமக்கு அருகிலுள்ள பாதி பெரும்பாலும் பளிச்சென்று தெரியும்; இரு பாதியிலும் ஒரே அளவு தூசு இருந்தாலும் அப்படித்தான்.

இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. சாய்ந்த தட்டு படத்தில் நீள்வட்டமாக விழும். அதன் நீள அச்சின் இரு முனைகளையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஒளி ஏறக்குறைய ஒரே கோணத்தில் சிதறுவதால், அங்கே வித்தியாசம் இருந்தால் பார்வைக் கோணத்தின் மேல் பழிபோட முடியாது. அந்த வித்தியாசம் படத்தின் இரைச்சலைவிட (தற்செயலான ஒளி ஏற்ற இறக்கத்தைவிட)க் குறைந்தது மூன்று மடங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஃபோமல்ஹாட் என்ற விண்மீனை நான் எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். சுமார் 44 கோடி ஆண்டு வயது, ‘இளம்’ என்பதற்குச் சற்று மூத்ததுதான். ஆனால் பாடம் தெளிவாக இருக்கும். அதன் தூசு வளையத்தின் மையம் விண்மீனிலிருந்து சுமார் 15 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவு) விலகியிருப்பதை ஹபிள் படங்கள் 2005-இல் காட்டின. வளையம் இப்படி (சாய்வால் அல்லாமல்) உண்மையிலேயே நீள்வட்டமாக இருந்தால், விண்மீனை நெருங்கும் பக்கத்தில் தூசு அதிகம் சூடாகும். ஹெர்ஷல் தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படத்தில் அந்தப் பக்கம்தான் பிரகாசம். சிலியிலுள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கி வரிசையின் மில்லிமீட்டர் அலைப் படத்திலோ எதிர்ப்பக்கம் பிரகாசம்! விலகிய பக்கத்தில் தூசு மெதுவாக நகர்வதால் அங்கே நெரிசல் கூடிவிடுகிறது. ஒரே வளையம், இரண்டு அலைநீளம், நேரெதிரான தோற்றம். ஒரே ஒரு படத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நிழலும் ஏமாற்றும். டி.டபிள்யூ. ஹைட்ரே என்ற இளம் விண்மீனின் தட்டில் மங்கலான பகுதி சுமார் 16 ஆண்டுகளில் ஒரு சுற்று சுற்றுவது ஹபிள் படங்களில் தெரிந்தது. அவ்வளவு தொலைவிலுள்ள தூசுக்கு ஒரு சுற்றுக்கே பல நூறு ஆண்டுகள் ஆகும். அப்படியானால் நகர்வது தூசு அல்ல, விண்மீனை ஒட்டியுள்ள உள்தட்டு வெளியே வீழ்த்தும் நிழல். வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த படங்கள் கிடைத்தால் விடாதீர்கள்.

உண்மையான குவியலும் உண்டு. ஓஃப் ஐ.ஆர்.எஸ். 48 என்ற விண்மீனைச் சுற்றி வாயுவும் நுண்தூசும் வளையமாகப் பரவியிருக்க, மில்லிமீட்டர் அளவுத் துகள்கள் மட்டும் ஒரே பக்கம் திரண்டிருப்பதை 2013-இல் அல்மா காட்டியது. வாயு அழுத்தம் கூடிய சுழலில் பெரிய துகள்கள் சிக்கிக்கொள்கின்றன. அந்தச் சுழலைக் கோள் உண்டாக்கலாம். கோள் இல்லாமலும் சுழல் உருவாகலாம்.

ஆகவே அறிக்கையில் அலைநீளம், சாய்வு, எந்த அச்சில் எவ்வளவு வித்தியாசம் என்று எழுதி, கோளை ஒரு சாத்தியமாக மட்டும் குறிப்பிடுங்கள். 2018-இல் பி.டி.எஸ். 70 என்ற இளம் விண்மீனின் தட்டிலுள்ள இடைவெளியில் கோளே நேரடியாகப் படத்தில் விழுந்தது போன்ற சான்று இருந்தால் மட்டும் ‘கோள் இருக்கிறது’ என்று எழுதுங்கள்.